பக்கத்துக் கம்பம்

நடனப் பள்ளி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. அதில் தன்னைப் பார்த்துப் பார்த்து, கையைத் திருத்தி, இடுப்பைத் திருத்தி ஆடும் மாணவிகள். இல்லையா?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஒரு பெண்மணி ஆரம்பித்த நடனப் பள்ளியில் கண்ணாடியே கிடையாது! வெளிச்சமும் மங்கல்தான். தரைக்கும் கூரைக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் உலோகக் கம்பங்கள் மட்டும் பளபளக்கும். அங்கே சொல்லித்தரப்பட்ட நடனம்... போல் டான்ஸ்!

'அட, அந்த டான்ஸா?' என்று நீங்கள் புருவம் உயர்த்துவது தெரிகிறது. அதேதான். ஹாலிவுட் படங்களில் வில்லன் சிகரெட் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்போது பின்னணியில் ஒரு பெண் கம்பத்தைப் பிடித்துச் சுழல்வாளே, அதே டான்ஸ். ஆனால், இந்தப் பள்ளிக்கு வந்தவர்கள் கிளப்பில் ஆடப்போகிறவர்கள் இல்லை. வக்கீல்கள், டீச்சர்கள், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த அம்மாக்கள். யாருக்கும் ஆடிக் காட்டுவதற்காக அல்ல. பொழுதுபோக்குக்காக, உடற்பயிற்சிக்காக, 'எனக்கே எனக்கு' என்று ஒரு மணி நேரம் வேண்டும் என்பதற்காக.

பள்ளியை ஆரம்பித்தவர் ஷீலா கெல்லி என்ற நடிகை. 2000-ல் வெளிவந்த 'டான்ஸிங் அட் தி ப்ளூ இகுவானா' என்ற படத்தில் கிளப் நடனக்காரி வேடம். அதற்காகக் கம்பத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். படம் முடிந்தது, கம்பம் விடவில்லை! 'எஸ் ஃபேக்டர்' என்ற பெயரில் வகுப்புகளைத் தொடங்கினார். 2003-ல் அதே பெயரில் புத்தகமும் எழுதினார்.

கண்ணாடியை ஏன் எடுத்தார்? கண்ணாடி முன்னால் நிற்கும் பெண் ஆடுவதில்லை. தன் வயிற்றைப் பார்க்கிறாள், தொடையைப் பார்க்கிறாள். பிறகு, கண்ணாடியிலேயே பக்கத்தில் இருப்பவளின் வயிற்றையும் பார்க்கிறாள். அத்துடன் நடனம் முடிந்தது, கணக்கு ஆரம்பம்!

கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாம். மனசுக்குள் இருக்கும் கண்ணாடியை? போல் டான்ஸின் இந்த இருபத்தைந்து வருட சரித்திரம் முழுக்க இந்தக் கேள்விதான் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நீங்கள் ஜென்மத்தில் ஒரு கம்பத்தைத் தொடப்போவதில்லை என்றாலும், பாட்டு வகுப்புக்கோ யோகா வகுப்புக்கோ போய்வருகிறவராக இருந்தால், இது உங்கள் கதையும்தான்.

* * *

முதலில், கம்பத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மனிதன் கம்பத்தில் ஏறுவது புதிதல்ல. நம்ம ஊர் வழுக்குமரம் உங்களுக்குத் தெரியும். மகாராஷ்டிரத்தில் அதைவிடப் பெரிய வித்தை ஒன்று உண்டு. மல்லகம்பம்! 12-ம் நூற்றாண்டில் ஆண்ட சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேஸ்வரனின் 'மானசோல்லாச' நூலிலேயே மல்லர்களின் கம்பம் பற்றிய குறிப்பு இருக்கிறது. பிறகு அது மங்கிப்போய், கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவின் காலத்தில் மறுபடி உயிர்பெற்றது. உயிர் கொடுத்தவர், பேஷ்வாவுக்கு உடற்பயிற்சி குருவாக இருந்த பாலம்பட்ட தேவதர்.

இது பற்றி ஒரு கதை சொல்வார்கள். நிஜாம் சீமையிலிருந்து இரண்டு பயில்வான்கள் புனேவுக்கு வந்து, 'எங்களோடு மோத யார் இருக்கிறீர்கள்?' என்று தொடை தட்டினார்களாம். தேவதர் அவகாசம் கேட்டுவிட்டுப் போய், ஒரு மரக்கம்பத்தையே எதிராளியாக நினைத்துக் கட்டிப் பிடித்து, கால் போட்டு, தலைகீழாகத் தொங்கி ரகசியமாகப் பயிற்சி எடுத்தாராம். திரும்பி வந்து ஜெயித்தாராம். கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அலங்காரம் என்பது இருக்கட்டும். அதில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. பயிற்சி நடந்த நாட்களில் அவருக்கு முன்னால் பயில்வான் இல்லை, கம்பம்தான் இருந்தது. கம்பம் யாரோடும் யாரையும் ஒப்பிடாது. பிடி சரியாக இருந்தால் தாங்கும். தப்பாக இருந்தால் வழுக்கும். அவ்வளவுதான்!

தேக்கு அல்லது சீஷம் மரத்தில் கடைந்து, ஆமணக்கு எண்ணெய் தடவி நிறுத்திய அந்தக் கம்பத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். 2013-ல் மத்தியப் பிரதேசம் மல்லகம்பத்தைத் தன் மாநில விளையாட்டாகவே அறிவித்தது. நம் விழுப்புரத்துப் பிள்ளைகளும் இதில் கெட்டிக்காரர்கள்.

இன்றைய போல் டான்ஸ் ஸ்டூடியோக்கள் பலவற்றில், 'எங்கள் கலை இந்தியாவின் மல்லகம்பத்திலிருந்தும் சீனத்து சர்க்கஸ் கம்பத்திலிருந்தும் வந்தது' என்று பெருமையாகச் சொல்வார்கள். வித்தையில் ஒற்றுமை இருப்பது உண்மைதான். ஆனால், லாஸ் ஏஞ்சல்ஸ் அம்மாக்களின் கைக்குக் கம்பம் வந்து சேர்ந்த வழி புனே வழியாக இல்லை. வட அமெரிக்காவின் இரவு கிளப்புகள் வழியாகத்தான் வந்தது. அங்கே, டாலர் நோட்டுக்காக, ஆறங்குலக் குதிகால் செருப்போடு கம்பத்தில் ஏறிய பெண்கள்தான் இந்தச் சுழற்சிகளையும் பிடிகளையும் ஒவ்வொன்றாக உருவாக்கியவர்கள். பெயர் தெரியாத வாத்தியார்கள்!

இந்த விஷயத்தை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

* * *

சரி, வகுப்புக்குள் போவோம்.

போல் டான்ஸ் பார்க்கத்தான் நளினம். கற்றுக்கொள்வது சித்ரவதை! முதல் நாள் மாணவி என்ன நினைத்துக்கொண்டு வருகிறாள்? 'கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றவேண்டும். இதில் என்ன இருக்கிறது?' பிடித்துச் சுற்றினால், அடுத்த நொடி 'தொப்'பென்று தரையில். உடம்பின் மொத்த எடையையும் இரண்டு உள்ளங்கைகள் தாங்கவேண்டும் என்பது அப்போதுதான் புரியும்.

இதில் அரைக்கால் சட்டை போடுவது கவர்ச்சிக்காக மட்டுமல்ல. உலோகத்தில் துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். தொடையின் உள்பக்கம், முழங்காலின் மடிப்பு, பாதத்தின் மேல்பக்கம்... எங்கெல்லாம் தோல் மென்மையோ, அங்கெல்லாம் கம்பம் அழுந்தும். மறுநாள் காலை கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும். அந்தக் காயங்களுக்கு ஆட்டக்காரிகள் வைத்திருக்கும் செல்லப் பெயர், 'கம்பம் கொடுத்த முத்தம்'! வகுப்பு நாளில் உடம்பில் க்ரீம் தடவக்கூடாது. உள்ளங்கை வியர்த்தால் பவுடர். வெயில் காலத்தில் ஒரு பிரச்னை, குளிர்காலத்தில் கம்பம் சில்லிட்டுப்போய் வேறொரு பிரச்னை.

இப்படியே மாசக்கணக்கில் போராடி, ஒருநாள் குதிக்காமல், எம்பாமல், வயிற்றின் பலத்தாலேயே காலை மேலே தூக்கித் தலைகீழாகத் தொங்குவார்கள் பாருங்கள்... அந்த நாளை யாரும் மறப்பதில்லை. சிலருக்கு அது மூன்று மாதத்தில் வரும். சிலருக்கு ஒன்றரை வருடம் ஆகும்.

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. மூன்று மாதமும் ஒன்றரை வருடமும் ஒரே அறையில், அடுத்தடுத்த கம்பத்தில் நிற்கின்றன!

ஒருத்தி சின்ன வயதில் பாலே கற்றவள். கால் தானாக விரியும். இன்னொருத்தி இரண்டு சிசேரியன் கண்டவள். ஒருத்திக்குக் கை நீளம். ஒருத்திக்கு இடுப்பு எலும்பின் குழியே வேறு அமைப்பு. தலைகீழாக நின்றாலும் கால் ஓர் அளவுக்கு மேல் விரியாது. ஒருத்தி தினமும் வருகிறாள். வீட்டிலேயே கம்பம் வைத்திருக்கிறாள். இன்னொருத்திக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதே மாமியார் புண்ணியம். இத்தனை வித்தியாசங்களும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்... அவள் மேலே இருக்கிறாள், நான் கீழே இருக்கிறேன்.

உழைப்பு வெளியே தெரியாது, உயரம்தான் தெரியும். உடனே மனசு ஒரு தீர்ப்பு எழுதுகிறது. 'எனக்கு இன்னும் அது வரவில்லை' என்று எழுதினால் பரவாயில்லையே... 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்றல்லவா எழுதுகிறது! கம்பத்தில் ஏற முடியாததற்கும் ஒரு மனுஷியின் மதிப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. ஆனால், வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அந்தச் சம்பந்தம் எப்படியோ ஏற்பட்டுவிடுகிறது.

* * *

இந்த 'எப்படியோ'வைக் கண்டுபிடிக்க மனோதத்துவக்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1890-ல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், ஒரு மனிதனின் சுயமதிப்பை ஒரு வகுத்தல் கணக்காகவே போட்டார். மேலே, அவன் அடைந்த வெற்றி. கீழே, அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஆசை. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் வருவதுதான் சுயமதிப்பு! மேலே உள்ளதைக் கூட்டினாலும் விடை பெருகும். கீழே உள்ளதைக் குறைத்தாலும் பெருகும்.

ஜேம்ஸ் தன்னையே உதாரணமாகச் சொன்னார். மனோதத்துவத்தில் தன்னைவிட அதிகம் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவருக்கு அவமானமாக இருக்குமாம். கிரேக்க மொழி சுத்தமாகத் தெரியாதது பற்றி ஒரு துளி வெட்கமும் கிடையாதாம். ஏன்? மனோதத்துவத்தில் அவர் தன்னையே பணயமாக வைத்திருந்தார். கிரேக்கத்தில் எதையும் வைக்கவில்லை. உலகத்திலேயே இரண்டாவது பெரிய குத்துச்சண்டை வீரனாக இருப்பவன் அந்த ஒரே ஒரு ஆளைத் தோற்கடிக்க முடியாத ஏக்கத்தில் வெட்கிச் சாவதையும், எல்லோரிடமும் அடி வாங்கும் நோஞ்சான் நிம்மதியாகத் திரிவதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

பொழுதுபோக்கு என்பது என்ன? நாம் எதையும் பணயம் வைக்காத இடம். அதனால்தான் அது இனிக்கிறது. எந்த நிமிடத்தில் அதில் சுயமதிப்பைக் கொண்டுபோய் வைக்கிறோமோ, அந்த நிமிடமே அது இன்னொரு ஆபீஸ்!

1898-ல் நார்மன் ட்ரிப்லெட் என்பவர் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் போட்டியில் வேகமாக ஓட்டுவது ஏன் என்பது அவருடைய சந்தேகம். நாற்பது குழந்தைகளிடம், தூண்டில் கயிறு சுற்றும் ராட்டினத்தைக் கொடுத்தார். சுற்றச் சுற்ற, ஒரு சின்னக் கொடி நகரும். ஒருமுறை தனியாக, இன்னொரு முறை பக்கத்தில் ஒரு குழந்தையோடு போட்டியாக.

இந்தப் பரிசோதனையை எல்லோரும் 'போட்டி இருந்தால் வேகம் கூடும்' என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். நிஜக் கணக்கு அதைவிட சுவாரஸ்யமானது. இருபது குழந்தைகள் போட்டியில் வேகமாகச் சுற்றினார்கள். பத்துக் குழந்தைகள்... போட்டி என்றதும் மோசமாகச் சுற்றினார்கள்! முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கைத் தசைகள் விறைத்துப்போய்விட்டன. ஜெயிக்கவேண்டும் என்ற வெறியே கையைக் கட்டிப்போட்டுவிட்டது. மிச்சம் பத்துக் குழந்தைகளுக்குப் பெரிய வித்தியாசமே இல்லை.

ஆக, பக்கத்தில் இருப்பவர் ஒருவருக்குத் தூண்டுகோல், இன்னொருவருக்கு விலங்கு. கம்பத்தில் தொங்கும்போது கை விறைத்தால் என்ன ஆகும்? நான் சொல்லவேண்டியதில்லை.

1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் வந்தார். மனிதனுக்குத் தன் திறமையை அளந்து பார்க்கும் அரிப்பு இருந்துகொண்டே இருக்கிறது. அளக்க வேறு கோல் இல்லாதபோது அடுத்த மனிதனையே கோலாக வைத்துக்கொள்கிறான் என்றார். எல்லோரையும் அல்ல. சதுரங்கம் இப்போதுதான் கற்றுக்கொள்கிறவன் தன்னை உலக மேதைகளோடு ஒப்பிடமாட்டான். தனக்குக் கிட்டத்தட்ட சமமானவனோடுதான் ஒப்பிடுவான்.

யோசித்துப் பாருங்கள். உலக சாம்பியன் கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கையில் நின்றால் நாம் கைதட்டுவோம். நம்மோடு அதே தேதியில் சேர்ந்தவள், அதே வயதுக்காரி, அரையடி அதிகமாக ஏறினால்தான் வயிற்றில் அமிலம் சுரக்கிறது! பொறாமைக்கு எப்போதும் விலாசம் பக்கத்து வீடுதான்.

* * *

இதற்குள் கம்பத்துக்கு மதிப்பெண் போடும் ஆட்களும் வந்துவிட்டார்கள்.

2009-ல் சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பிரிட்டனைச் சேர்ந்த கே.டி.கோட்ஸ். 2012-ல் லண்டனில் உலகச் சாம்பியன் போட்டி. மேடையில் இரண்டு கம்பங்கள். ஒன்று அசையாது, இன்னொன்று தானே சுழலும். ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு மதிப்பு. ஓர் அசைவற்ற நிலையை இரண்டு விநாடி பிடித்து நின்றால்தான் கணக்கில் சேரும். கால் எத்தனை டிகிரி விரிந்தது என்பது வரை சட்டம் உண்டு. குதிகால் உயர்ந்த செருப்பு கூடாது. மேடையில் எந்த உடையையும் கழற்றக் கூடாது. 2017-ல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் தலைமை அமைப்பாக அப்போது இருந்த கைஸ்ஃப், இதற்குப் 'பார்வையாளர்' அந்தஸ்து கொடுத்தது. 'ஒலிம்பிக்ஸில் போல் டான்ஸ்!' என்று பத்திரிகைகள் பரபரத்தன. ஒலிம்பிக்ஸ் வரவில்லை, அந்தத் தலைமை அமைப்பே பின்னாளில் கலைக்கப்பட்டுவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, இதில் நன்மையும் இருந்தது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தனிப் பிரிவு, ஐம்பதைக் கடந்தவர்களுக்குத் தனிப் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு என்று மேடை விரிந்தது. ஒழுங்கான சட்டதிட்டம் வந்ததும், 'இதுவும் விளையாட்டுதான்' என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஆட்டக்காரிகளுக்கு ஒரு தைரியம் கிடைத்தது.

ஆனால், மதிப்பெண் என்று வந்துவிட்டால் மனசு என்ன பாடுபடும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் வெள்ளி, வெண்கலம் வென்றவர்களின் முகங்களை வீடியோவில் காட்டி, 'இந்த முகத்தின் சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?' என்று மாணவர்களிடம் கேட்டார்கள் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள். 1995-ல் முடிவு வெளியானது. போட்டி முடிந்த கணத்தில் வெண்கலத்துக்காரர்களின் முகத்துக்கு 7.1. வெள்ளிக்காரர்களுக்கு வெறும் 4.8!

இரண்டாவதாக வந்தவர் மூன்றாவதாக வந்தவரைவிட சோகமாக இருந்தார். வெள்ளி வென்றவர் தங்கத்தைப் பார்த்தார், 'அடடா, போச்சே!' வெண்கலம் வென்றவர் நாலாவதாக வந்து வெறுங்கையோடு போனவரைப் பார்த்தார், 'அப்பாடா, தப்பித்தேன்!' ஆக, சந்தோஷம் இருந்தது பதக்கத்தில் இல்லை... பார்வை போன திசையில்!

* * *

'அப்படியென்றால், எப்போதும் கீழே பார்த்துக்கொண்டே இருந்தால் சந்தோஷம்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். நம்மவர்களும் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள்... உனக்கும் கீழே உள்ளவர் கோடி என்று!

1981-ல் தாமஸ் வில்ஸ் என்ற அறிஞர் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார். மனசு அடிபட்ட மனிதன், தன்னைவிடத் தாழ்ந்திருப்பவனைத் தேடிப் பார்த்து ஆறுதல் அடைகிறான். அது கிடைக்காதபோது, யாரையாவது தாழ்த்திவைத்தாவது ஆறுதல் தேடுகிறான். இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். அது ஆபத்தானது.

முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் கிளப் பெண்கள்... இப்போது அவர்களைக் கூப்பிடுவோம்.

2010-களின் நடுவில், பொழுதுபோக்குக்காக ஆடும் பெண்கள் தங்கள் படங்களை இன்ஸ்டாகிராமில் போடும்போது கூடவே ஒரு முத்திரையும் குத்த ஆரம்பித்தார்கள். 'நாட் எ ஸ்ட்ரிப்பர்'. அதாவது, 'நான் ஆடை களைந்து ஆடுகிறவள் அல்ல'. பாவம், அவர்களுக்கும் ஒரு நெருக்கடி. அலுவலகத்தில் கிண்டல், சொந்தக்காரர்களின் முணுமுணுப்பு. 'நான் அப்படிப்பட்டவள் இல்லை' என்று சொல்லிக்கொண்டால் ஒரு நிம்மதி. ஆனால், கம்பத்தில் அவர்கள் போட்ட சுழற்சியும் பிடியும் யார் கண்டுபிடித்தவை? அந்த 'அப்படிப்பட்டவர்கள்' கண்டுபிடித்தவை! வாத்தியாரின் வித்தையை எடுத்துக்கொண்டு, வாத்தியாரை வாசலிலேயே நிறுத்திவிட்ட மாதிரி.

கிளப் நடனக்காரிகள் சும்மா இருக்கவில்லை. 'யெஸ் எ ஸ்ட்ரிப்பர்' என்று பதில் முத்திரை குத்தினார்கள். 'ஆமாம், நான் அதுதான்... அதனால் என்ன?'

கதையின் உச்சம் 2019-ல் வந்தது. இன்ஸ்டாகிராம் நிறுவனம், போல் டான்ஸ் தொடர்பான பல ஹேஷ்டேக்குகளின் கீழ் வந்த படங்களை மறைத்துவிட்டது. அதன் இயந்திரக் கணக்குக்கு வக்கீலம்மா யார், கிளப் பெண் யார் என்றெல்லாம் தெரியவில்லை. கம்பம், அரைக்கால் சட்டை, வெற்றுத் தோல்... எல்லாம் ஒன்றுதான்! 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று வருடக்கணக்கில் கத்தியவர்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. ஆட்டக்காரிகள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்த பிறகு நிறுவனம் மன்னிப்பு கேட்டது.

மேலே பார்த்தால் ஏக்கம். கீழே பார்த்தால் ஆறுதல் வரும். ஆனால், அந்த ஆறுதலுக்கான விலையை வேறொருத்தி கொடுக்கிறாள். கீழே நிற்பவளின் தோளில் காலை ஊன்றி ஏறுவது வழுக்குமரத்தில் சரி. அங்கே அவளும் நம்ம கட்சி!

* * *

செல்போன் இன்னொரு காரியத்தையும் செய்தது. ஃபெஸ்டிங்கர் சொன்ன அந்தப் பாதுகாப்பு வேலியைப் பிய்த்துப் போட்டுவிட்டது.

கற்றுக்குட்டி தன்னை மேதையோடு ஒப்பிடமாட்டான் என்றார் இல்லையா? அவர் காலத்தில் மேதை எங்கோ தூரத்து மேடையில் இருந்தார். இப்போது உலக சாம்பியன் ராத்திரி பத்தரை மணிக்கு நம் தலையணைக்குப் பக்கத்தில், நம் உள்ளங்கையில் ஆடுகிறார். மருமகளின் கல்யாண போட்டோவுக்கும், பக்கத்து கம்பத்துத் தோழியின் வீடியோவுக்கும் நடுவில்! தூரம் என்ற ஒன்றே காணாமல் போய்விட்டது. சாம்பியனும் 'நம்மில் ஒருத்தி' மாதிரியே தெரிகிறார். பக்கத்துக் கம்பம் இப்போது உலகம் முழுக்க நீண்டுவிட்டது.

பத்து விநாடி வீடியோவில் என்ன இருக்கும்? நாற்பத்தொன்றாவது முயற்சி. முதல் நாற்பது முறை விழுந்தது அதில் இருக்காது. நீலம் பாரித்த தொடை இருக்காது. ஆக, நாம் நம்முடைய நாற்பது தோல்விகளையும் அவருடைய ஒரே ஒரு வெற்றியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். தராசின் ஒரு தட்டில் வருடம் முழுக்க, இன்னொன்றில் பத்து விநாடி. எந்தக் கடைக்காரரும் இப்படி எடை போட்டால் சும்மா விடுவோமா?

இதற்கு மருந்தாக, 'அடுத்தவரோடு ஒப்பிடாதே, நேற்றைய உன்னோடு ஒப்பிடு' என்று சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஒருவன் இன்றைய தன்னைப் பழைய தன்னோடு ஒப்பிட்டு அளந்துகொள்வது பற்றி 1977-லேயே ஸ்டூவர்ட் ஆல்பர்ட் என்பவர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். போல் வகுப்புகளிலும் இது நன்றாகவே வேலை செய்கிறது. போன வருஷ வீடியோவை எடுத்துப் பார்க்கிற பெண், 'அட, அன்னைக்கு ரெண்டு அடி ஏறவே திணறியிருக்கேனே!' என்று தன்னையே ஆச்சரியமாகப் பார்க்கிறாள்.

ஆனால், இந்த மருந்துக்கும் காலாவதித் தேதி உண்டு. தோள்பட்டை பிசகி ஆறு மாதம் படுத்துவிட்டுத் திரும்பி வருகிறவளுக்கு, பிரசவம் முடிந்து வருகிறவளுக்கு, ஐம்பத்தைந்து வயதில் மூட்டு வலியோடு வருகிறவளுக்குப் போன வருஷ வீடியோதான் மிகப் பெரிய எதிரி. பழைய 'நான்' உச்சியில் சுழல்கிறாள். இன்றைய 'நான்' கீழே நிற்கிறாள். பக்கத்துக் கம்பத்தில் இருப்பதும் நாமே!

அப்போது கைகொடுப்பது ஜேம்ஸின் வகுத்தல் கணக்குதான். மேலே உள்ள எண் ஏறாதபோது, கீழே உள்ள எண்ணைக் கொஞ்சம் இறக்கலாம். ஆசையை நிறைவேற்றிக்கொள்வது எவ்வளவு நிம்மதியோ, அதை விட்டுவிடுவதும் அவ்வளவு நிம்மதிதான் என்றார் அவர். இளமையாக இருக்கவேண்டும், ஒல்லியாக இருக்கவேண்டும் என்று மல்லுக்கட்டுவதை நிறுத்தும் நாளைக்கூட அவர் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். 1890-லேயே!

முயற்சியைக் கைவிடுவது வேறு, பணயத்தைக் கைவிடுவது வேறு. செவ்வாய்க்கிழமை வகுப்புக்குத் தவறாமல் போகலாம். கை கன்றிப்போகும்வரை பழகலாம். ஏற முடியாத அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சல்கூடப் படலாம். ஆனால், 'நான் யார்' என்பதை அந்தக் கம்பத்தில் கட்டித் தொங்கவிடாமல், வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போக முடியுமா? முடிந்தவர்களுக்கு அது பொழுதுபோக்கு. அமெச்சூர் என்று நாம் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் லத்தீன். அர்த்தம், நேசிப்பவர்!

ட்ரிப்லெட்டின் நாற்பது குழந்தைகளில் வேகம் கூடிய இருபது பேரைப் பற்றி உலகமே பேசியது. கை விறைத்த பத்துப் பேரைப் பற்றிக் கொஞ்சம் பேர் பேசினார்கள். எனக்கென்னவோ அந்த மிச்சப் பத்துப் பேர் மீதுதான் கண் போகிறது. பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ராட்டினம் சுற்றிய குழந்தைகள். அவர்கள் பக்கத்துக் குழந்தையின் கையைப் பார்க்காமல், தங்கள் கொடி நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அடுத்த முறை உங்கள் வகுப்பில், அது வீணையோ வேறு எதுவோ, கண் தானாகப் பக்கத்தில் திரும்பும்போது அந்தப் பத்துப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். கண் திரும்பத்தான் செய்யும், தப்பில்லை. பார்த்துவிட்டு, மறுபடியும் உங்கள் கொடிக்கு வந்துவிடுங்கள்.